சர்க்கரை குறைந்தால் போதுமா... இதயம் என்ன சொல்கிறது? நீரிழிவு மாத்திரைகள் எழுதிய கஷ்டமான பரீட்சை!

சர்க்கரை நோயாளி இருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு இல்லாமல் ஒரு மாதம் போகாது. "ரிப்போர்ட் வந்துடுச்சா?" "வந்துடுச்சு. வெறும் வயித்துல 112, சாப்பிட்ட பிறகு 158. டாக்டர் பரவாயில்லைன்னுட்டார்." அவ்வளவுதான், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் ஒரு அப்பளம்கூடச் சேர்ந்துவிடும்!

எண் குறைந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம். அதில் தப்பில்லை. ஆனால், சர்க்கரை நோயாளிகளின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை நேரடியாக அல்ல. மாரடைப்பு, பக்கவாதம் போன்ற இதய ரத்தநாளப் பிரச்னைகள்தான் முதல் எதிரி. அப்படியென்றால், ஒரு புது மாத்திரை கடைக்கு வரும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இது சர்க்கரையை எவ்வளவு குறைக்கும்' என்பதோடு, 'இது இதயத்தை என்ன செய்யும்' என்பதும்தானே?

அந்த இரண்டாவது கேள்விக்குப் பெரிய ஆய்வின் மூலம் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2008 டிசம்பர் வரை அமெரிக்காவிலேயே இல்லை. உலகத்தின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகளிலேயே கறாரானது என்று பெயரெடுத்த எஃப்.டி.ஏ இருக்கும் நாடு அது. இந்த வார 'மாத்திரை டப்பா'வில் அந்தக் கட்டாயம் எப்படி வந்தது, வந்து என்ன செய்தது என்று பார்ப்போம். கொஞ்சம் நீளமான கதை. ஆனால், உங்கள் வீட்டு டப்பாவில் இருக்கும் மாத்திரைகளின் பெயர் இதில் வரும். அதனால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

எண்ணை மட்டும் பார்த்த காலம்

சர்க்கரை மருந்துக்கான அனுமதி பல வருடங்களாக ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையைச் சுற்றித்தான் நடந்தது. ஹெச்பிஏ1சி. கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சராசரி சர்க்கரை அளவைக் காட்டும் எண். புது மருந்தைச் சில ஆயிரம் பேருக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ கொடுப்பார்கள். இந்த எண் போதுமான அளவு குறைந்து, பெரிய பக்கவிளைவு எதுவும் கண்ணில் படாவிட்டால் அனுமதி கிடைத்துவிடும்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் கண்ணும் கிட்னியும் நரம்பும் பிழைக்கும் என்பது நிரூபிக்கப்பட்ட விஷயம். எண் குறைந்தால் இதயமும் பிழைக்கும் என்று நினைத்தது இயல்பான ஊகம்தான். ஆனால் அது ஊகம். மாரடைப்பு என்பது ஆறு மாத ஆய்வில், ஓரளவு ஆரோக்கியமாக இருக்கும் ஆயிரம் பேரிடம் எட்டிப் பார்க்கும் விஷயம் இல்லை. விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் நடக்கும். அந்தச் சில சம்பவங்களில் குற்றவாளி மாத்திரையா, விதியா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எச்சரிக்கை மணி ரொம்ப சீக்கிரமே அடித்தது என்பதுதான் இதில் வருத்தமான விஷயம். 1960-களில் அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து யு.ஜி.டி.பி என்ற ஆய்வை நடத்தின. அதில் டால்பியூடமைடு என்ற மாத்திரையை ஒரு குழுவுக்குக் கொடுத்தார்கள். மருந்தே இல்லாத ப்ளாசிபோ மாத்திரையை இன்னொரு குழுவுக்குக் கொடுத்தார்கள். 1970-ல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்ட 204 பேரில் 26 பேர் இதய ரத்தநாளப் பிரச்னையால் இறந்திருந்தார்கள். ப்ளாசிபோ சாப்பிட்ட 205 பேரில் 10 பேர்.

டாக்டர்கள் கொதித்துப் போனார்கள். கோபம் மாத்திரை மீது இல்லை, ஆய்வின் மீது! அந்த மாத்திரையை நம்பி எழுதிவந்த ஒரு பிரிவினர் சங்கம் அமைத்து நீதிமன்றம் போனார்கள். ஆய்வின் மூலத் தகவல்களைக் கொடு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்கு போய், 1980-ல்தான் தீர்ப்பு வந்தது. தகவல் கிடைக்கவில்லை. மாத்திரை டப்பாவில் இதயம் பற்றிய எச்சரிக்கை வாசகம் ஏற 1984 ஆனது. முடிவு தெரிந்து 14 வருடம் கழித்து!

டால்பியூடமைடு இன்று பழங்கதை. ஆனால், அதன் குடும்பமான சல்போனைல்யூரியா வகையில்தான் நம் ஊரில் சக்கைப்போடு போடும் கிளிமெபிரைடும் கிளிக்லசைடும் இருக்கின்றன. அவற்றின் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அவாண்டியா என்ற பெயர்

1999 மே மாதம் எஃப்.டி.ஏ ஒரு புது மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. மருந்தின் பெயர் ரோசிகிளிட்டசோன், பிராண்ட் பெயர் அவாண்டியா, நிறுவனம் பின்னாளில் கிளாக்ஸோ ஸ்மித்க்ளைன் ஆன ஸ்மித்க்ளைன் பீச்சம். உடலில் இன்சுலின் இருந்தும் அது சரியாக வேலை செய்யாமல் போவதைச் சரிசெய்யும் மருந்து. இதே வகையில் முதலில் வந்த ட்ரோகிளிட்டசோன், கல்லீரலைக் கெடுத்ததால் 2000-ம் ஆண்டு அமெரிக்கச் சந்தையிலிருந்து வெளியேறியது. அந்த இடத்தை அவாண்டியா பிடித்தது. கோடிக்கணக்கான டாலர்களுக்கு விற்கும் நட்சத்திர மாத்திரை ஆனது.

இங்கே ஸ்டீவன் நிஸ்ஸன் வருகிறார். க்ளீவ்லேண்ட் க்ளினிக் மருத்துவமனையின் இதய மருத்துவர். 2005-ல் முராகிளிட்டசார் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரைக்கு எஃப்.டி.ஏ-வின் ஆலோசனைக் குழு 8-க்கு 1 என்ற கணக்கில் பச்சைக்கொடி காட்டியது. நிஸ்ஸனும் சகாக்களும் அதே கூட்டத்துக்காக வெளியிடப்பட்ட தகவல்களை எடுத்துத் திரும்பக் கூட்டிப் பார்த்தார்கள். மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்த ஆபத்து சுமார் இரண்டு மடங்காக இருப்பதாக எழுதினார்கள். அந்த மாத்திரை கடைக்கே வரவில்லை.

அடுத்து அவாண்டியா. தகவல் எங்கிருந்து கிடைத்தது தெரியுமா? நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து! மன அழுத்தத்துக்கான வேறொரு மாத்திரையின் ஆய்வு முடிவுகளை மறைத்ததாக 2004-ல் நியூயார்க் மாநில அரசு கிளாக்ஸோ மீது வழக்கு போட்டது. சமரசத்தின் ஒரு பகுதியாக, தன் ஆய்வு முடிவுகளைப் பொதுவில் போட நிறுவனம் ஒப்புக்கொண்டது. சர்க்கரைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கு திறந்துவைத்த கதவு அது. அதன் வழியாகத்தான் அவாண்டியா ஆய்வுகள் நிஸ்ஸன் கண்ணில் பட்டன. எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் இதுதான். யாரோ ஒரு வக்கீல் கேட்டு வாங்கிய ஒரு நிபந்தனை, மூன்று வருடம் கழித்து வேறு ஒரு நோயாளிக்கு உதவியிருக்கிறது.

நிஸ்ஸனும் புள்ளியியல் நிபுணர் கேத்தி வோல்ஸ்கியும் 42 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 2007 மே 21 அன்று 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவு வெளியானது. அவாண்டியா சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 43 சதவிகிதம் அதிகம்.

பத்திரிகைகளும் டி.வி-க்களும் அந்த 43-ஐத்தான் பிடித்துக்கொண்டன. ஆனால் உள்ளே இன்னொரு விஷயம் இருந்தது. சுமார் 28,000 பேரில் நடந்த மாரடைப்புகள் மொத்தமே 158. அவ்வளவு குறைந்த சம்பவங்களை வைத்து, 'சரியாக 43' என்று அடித்துச் சொல்ல முடியாது. உண்மையான எண் 3 சதவிகிதமாகவும் இருக்கலாம், 98 சதவிகிதமாகவும் இருக்கலாம் என்பதுதான் அந்த ஆய்வு சொன்ன முழு வாக்கியம். இந்த 'இங்கிருந்து அங்கு வரை' என்ற இடைவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சட்டமே அதன் மேல்தான் நிற்கிறது.

இதைவிடச் சங்கடமான விஷயம், நிறுவனமே 2006-ல் செய்த கணக்கிலும் ரத்த ஓட்டக் குறைவால் வரும் இதயப் பிரச்னைகள் சுமார் 31 சதவிகிதம் கூடுதலாகத் தெரிந்திருந்தது. அந்தக் கணக்கு எஃப்.டி.ஏ-விடமும் இருந்தது. மாத்திரையைத் தினமும் விழுங்கிய மக்களுக்குத்தான் தெரியாது.

2007 ஜூலையில் ஆலோசனைக் குழு கூடியது. ஆபத்து கூடுகிறது என்று 20 பேர் சொன்னார்கள், இல்லை என்று 3 பேர். சரி, மாத்திரையை எடுத்துவிடலாமா என்றால் 22 பேர் வேண்டாம், இருக்கட்டும் என்றார்கள்! கேட்கவே விசித்திரமாக இருக்கிறது அல்லவா? ஆனால், அவர்கள் முன் இருந்த ஆதாரம் அந்த லட்சணத்தில்தான் இருந்தது. சந்தேகப்படப் போதும், தண்டிக்கப் போதாது. 2010 செப்டம்பரில் ஐரோப்பா அவாண்டியாவை நிறுத்தியது. அமெரிக்கா கடுமையான கட்டுப்பாடு போட்டது. அதே ஆண்டு இந்தியாவும் தடை செய்தது. 2012-ல் அமெரிக்க அரசுடன் 300 கோடி டாலர் கொடுத்து கிளாக்ஸோ பல வழக்குகளை முடித்துக்கொண்டது. அவாண்டியாவின் பாதுகாப்புத் தகவல்களை எஃப்.டி.ஏ-வுக்குச் சரியாகத் தெரிவிக்காததும் அதில் ஒப்புக்கொண்ட குற்றங்களில் ஒன்று.

இத்துடன் கதை முடிந்தால் வில்லன் மாட்டிக்கொண்ட சினிமா மாதிரி இருந்திருக்கும். 2013-ல் இன்னொரு திருப்பம். ரெக்கார்ட் என்ற பெரிய ஆய்வின் தகவல்களை வெளி நிபுணர்கள் முதலிலிருந்து பரிசோதித்தார்கள். பழைய மாத்திரைகளோடு ஒப்பிட்டால் மாரடைப்பு கூடியதற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். எஃப்.டி.ஏ கட்டுப்பாட்டை நீக்கியது. இதயச் செயலிழப்பை இந்த மாத்திரை கூட்டும் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாரடைப்பு விஷயத்தில், சந்தையில் 14 வருடம் இருந்த ஒரு மாத்திரை பற்றி உறுதியாக ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. ஏன்? விற்கத் தொடங்கும் முன் சரியான ஆய்வு நடக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

1.8... 1.3... இரண்டு எண்கள்

2008 பிப்ரவரியில் இன்னொரு அடி. அக்கார்ட் என்ற ஆய்வில் 10,251 சர்க்கரை நோயாளிகள். பாதிப் பேருக்கு மருந்துகளைக் கூட்டி ஹெச்பிஏ1சி-யை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்றார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கட்டுப்பாடு. கறாராகக் குறைத்த குழுவில் 257 பேர் இறந்தார்கள். வழக்கமான குழுவில் 203 பேர். அந்தத் தீவிர சிகிச்சையை அவசரமாக நிறுத்தினார்கள். எண்ணை இறக்கினால் உயிர் பிழைக்கும் என்ற கணக்கே இங்கே இடறிவிட்டது.

அந்த ஜூலையில் ஆலோசனைக் குழு 14-க்கு 2 என்று வாக்களித்தது. டிசம்பரில் எஃப்.டி.ஏ விதி வந்தது. இனி எந்தப் புது சர்க்கரை மருந்தானாலும், இதயத்துக்குத் தாங்க முடியாத கூடுதல் ஆபத்து இல்லை என்று காட்ட வேண்டும்.

'தாங்க முடியாத' என்றால் எவ்வளவு? மருந்து சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் ஒரே அளவில் வந்தால் ஆபத்து விகிதம் 1. மருந்துக் குழுவில் 30 சதவிகிதம் கூடுதல் என்றால் 1.3. ஆனால், நாம் பார்த்த மாதிரி எந்த ஆய்வும் ஒற்றை எண்ணைத் தருவதில்லை, ஓர் இடைவெளியைத்தான் தரும். எஃப்.டி.ஏ பார்ப்பது அந்த இடைவெளியின் மோசமான முனையை. 'உன் மருந்து எவ்வளவு நல்லது என்று சொல்லாதே. அதிகபட்சம் எவ்வளவு கெட்டதாக இருக்க முடியும், அதைச் சொல்' என்று கேட்கிற மாதிரி. வரன் பார்க்கும்போது பெரியவர்கள் கேட்கிற கேள்விதான்!

அனுமதிக்கு முன் அந்த மோசமான முனை 1.8-க்குக் கீழே இருந்தாக வேண்டும். 1.3-க்கும் 1.8-க்கும் நடுவில் இருந்தால் மாத்திரையை விற்கலாம். ஆனால், விற்றுக்கொண்டே பெரிய ஆய்வு நடத்தி 1.3-க்குக் கீழே இருப்பதை நிரூபிக்க வேண்டும்.

"80 சதவிகிதம் கூடுதல் ஆபத்து இருந்தாலும் விற்க விடுவார்களா?" என்று கேட்கத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. 80 சதவிகிதம் ஆபத்து இருக்கிறது என்பதல்ல இதன் பொருள். அந்தக் கட்டத்தில் இருக்கும் தகவலை வைத்து, அதற்கு மேல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது என்பதுதான். ஏன் முதலிலேயே 1.3 கேட்கவில்லை? கணக்கு அப்படி. 1.8-ஐத் தாண்டவில்லை என்று காட்ட ஆய்வில் சுமார் 122 இதயச் சம்பவங்கள் நடந்திருக்க வேண்டும். 1.3-க்கு 611 சம்பவங்கள். நூறு பேரில் வருடத்துக்கு இரண்டு பேருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 611 சம்பவங்களைப் பார்க்க 10,000 பேரை மூன்று வருடங்களுக்கு மேல் பின்தொடர வேண்டும். அதுவரை நல்ல மருந்து ஒன்று அலமாரியில் தூங்கினால் அதுவும் நோயாளிகளுக்கு நஷ்டம்தான். அதனால் இரண்டு படி வைத்தார்கள்.

விதி சும்மா காகிதத்தில் இருக்கவில்லை. ஆலோகிளிப்டின் என்ற மாத்திரைக்கு 2009-ல் கதவை மூடி, இதய ஆய்வு எங்கே என்று கேட்டார்கள். அனுமதி கிடைத்தது 2013-ல். டெக்லுடெக் என்ற இன்சுலினுக்கு 2013-ல் இதே பதில், 2015-ல் அனுமதி.

இரண்டு படி முறையில் ஓர் ஓட்டை உண்டு. பாதி ஆய்வின் முடிவை எஃப்.டி.ஏ-விடம் ரகசியமாகக் காட்டி அனுமதி வாங்கிய பிறகு, மீதி ஆய்வு முடியும் வரை அதை வெளியில் விடக் கூடாது. விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உடல் பருமன் மாத்திரை ஒன்று சாட்சி. கான்ட்ரேவ் என்ற அந்த மாத்திரைக்கும் இதே மாதிரி இதய ஆய்வு நடந்தது. கால்வாசி சம்பவங்கள் நடந்திருந்தபோது ஆபத்து 41 சதவிகிதம் குறைவு என்று ஓர் அழகான எண் வந்தது. அதை நிறுவனம் 2015 மார்ச்சில் காப்புரிமை ஆவணம் மூலம் வெளியில் விட்டது. ஆய்வுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? அதே ஸ்டீவன் நிஸ்ஸன். பாதிச் சம்பவங்கள் நடந்து முடிந்தபோது அந்த 41 வெறும் 12 ஆகச் சுருங்கியிருந்தது. அதுவும் தற்செயலாக வந்திருக்கக்கூடிய அளவு. ஆய்வைப் பாதியிலேயே மூட வேண்டியதாயிற்று.

ஆபத்தைத் தேடப்போய்...

2013-ல் இருந்து முடிவுகள் வரிசையாக வந்தன. முதலில் வந்ததில் ஒன்று சாக்ஸாகிளிப்டின் மாத்திரை. ஆய்வில் 16,492 பேர். விதி கேட்ட மூன்று விஷயங்களையும் சேர்த்துப் பார்த்தால் விகிதம் கச்சிதமாக 1. பாஸ்! ஆனால், விதி கேட்காத இடத்தில் ஒரு சிக்கல். இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் மருந்துக் குழுவில் 289 பேர், ப்ளாசிபோ குழுவில் 228 பேர். ஆயிரம் பேரில் 28 என்பது 35 ஆகியிருந்தது. சின்ன ஆய்வில் இது கண்ணிலேயே பட்டிருக்காது. 2016-ல் சாக்ஸாகிளிப்டின், ஆலோகிளிப்டின் இரண்டுக்கும் இதயச் செயலிழப்பு எச்சரிக்கை சேர்த்தார்கள். அதே குடும்பத்தின் சிட்டாகிளிப்டினை 14,671 பேரிடம் சோதித்தபோது அந்தப் பிரச்னை இல்லை. 'கிளிப்டின்' என்று முடிந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைக்கக் கூடாது என்பது அப்போது தெரிந்தது.

பிறகு 2015 செப்டம்பர், ஸ்டாக்ஹோம். எம்பாகிளிப்ளோசின் மாத்திரையின் முடிவு வெளியானது. சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மருந்து. ஏற்கெனவே இதய ரத்தநாள நோய் உள்ள 7,020 பேர், சுமார் மூன்று வருடங்கள். கேடு செய்யாது என்று காட்டத்தான் ஆய்வே. வந்த முடிவோ, இதய ரத்தநாள மரணம் 38 சதவிகிதம் குறைவு! சதவிகிதம் பயமுறுத்தும், மயக்கவும் செய்யும் என்பதால் தலை எண்ணிக்கையில் சொல்கிறேன். நூறு பேரில் சுமார் 6 பேர் இறந்த இடத்தில் 4 பேர் இறந்திருந்தார்கள். இத்தனைக்கும் ஹெச்பிஏ1சி-யில் இரு குழுக்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சர்க்கரையைக் குறைத்ததால் அல்ல, வேறு வழியில் இதயத்துக்கு உதவியிருக்கிறது. இதே வகையைச் சேர்ந்த டபாகிளிப்ளோசினை 2019-ல் இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோயே இல்லை. அவர்களுக்கும் பலன் கிடைத்தது. சர்க்கரை மாத்திரையாகப் பிறந்து இதய மாத்திரையாகவும் மாறிய கதை.

இன்று ஊரெல்லாம் பேசும் ஒசெம்பிக் ஊசியான செமாகுளூடைடும் இதே பரீட்சை எழுதியதுதான். 2016-ல் வந்த அதன் முதல் இதய ஆய்வு, 1.8-ஐத் தாண்டவில்லை என்று காட்டுவதற்காக மட்டும் திட்டமிட்ட 3,297 பேர் ஆய்வு. இதயச் சம்பவங்கள் நூற்றுக்குச் சுமார் 9 பேர் என்பதிலிருந்து 6.6 ஆகக் குறைந்தன. கூடவே, விழித்திரைச் சிக்கல்கள் 1.8 சதவிகிதத்திலிருந்து 3 ஆகக் கூடியிருந்தன. ஏற்கெனவே விழித்திரை பாதிப்பு உள்ளவர்களுக்குச் சர்க்கரை வேகமாக இறங்கும்போது இப்படி நடக்கலாம் என்கிறார்கள். ஊசி ஆரம்பிக்கும் முன் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்வது அதனால்தான்.

சரி, சொன்னபடி கிளிமெபிரைடுக்கு வருவோம். 1970-ல் அந்தக் குடும்பத்தின் மேல் விழுந்த பழிக்கு முறையான ஒரு பதில் வந்தது 2019-ல்! கரோலினா என்ற ஆய்வில் 6,033 பேர், ஆறு வருடங்களுக்கு மேல். கிளிமெபிரைடு சாப்பிட்டவர்களில் 12 சதவிகிதம் பேருக்கு இதயச் சம்பவங்கள். புது மாத்திரையான லினாகிளிப்டின் சாப்பிட்டவர்களில் 11.8 சதவிகிதம். ஆக, வித்தியாசம் இல்லை. ஆனால், சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துபோகும் பிரச்னை கிளிமெபிரைடு குழுவில் 37.7 சதவிகிதம் பேருக்கு, மற்றதில் 10.6 சதவிகிதம் பேருக்கு. பாட்டிக்கு விடியற்காலையில் வியர்த்துக் கொட்டி நடுங்குவது எதனால் என்று தேடும் வீடுகள் இந்த எண்ணைக் கவனிக்கலாம். மெட்ஃபார்மினையும் சொல்லிவிட வேண்டும். இதயத்துக்கு நல்லது என்று அதற்கு இருக்கும் பெயருக்கு முக்கிய ஆதாரம், 1998-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் அந்த மாத்திரை கொடுக்கப்பட்ட 342 பேர்தான். 2008 விதியின் தராசில் வைத்தால் அது எடைக்குப் போதாது. அதற்காக மெட்ஃபார்மின் மோசம் என்று அர்த்தமில்லை. அப்போது அந்தக் கேள்வியை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

தளர்த்தலாமா, வேண்டாமா?

இவ்வளவு நல்லது செய்த விதிக்கு எதிர்ப்பும் இருந்தது. ஒவ்வொரு ஆய்வுக்கும் பல ஆயிரம் பேர், பல வருடம், மலைக்க வைக்கும் செலவு. பெரும்பாலான மருந்துகள் எந்தக் கேடும் செய்யவில்லை என்றுதான் முடிவு வந்தது. இவ்வளவு பணத்தைக் கொட்டித்தான் அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டார்கள். 2018 அக்டோபரில் எஃப்.டி.ஏ ஆலோசனைக் குழு இதை விவாதித்தது. விதி தொடரட்டும் என்று 10 பேர், வேண்டாம் என்று 9 பேர். நூலிழை.

2020 மார்ச்சில் எஃப்.டி.ஏ பழைய விதியைத் திரும்பப் பெற்று, புது வரைவை வெளியிட்டது. 1.8, 1.3 இரண்டும் போய்விட்டன. அதற்குப் பதிலாக, அனுமதிக்கு முன் நடக்கும் ஆய்வுகளே பெரிதாக இருக்க வேண்டும். குறைந்தது 1,500 பேர் ஒரு வருடமாவது, 500 பேர் இரண்டு வருடமாவது மருந்து சாப்பிட்டிருக்க வேண்டும். 65 வயதைத் தாண்டியவர்கள், இதய நோய் உள்ளவர்கள், கிட்னி பாதித்தவர்கள் எல்லோரும் அதில் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும்.

முதியவர்களையும் கிட்னி நோயாளிகளையும் சேர்க்கச் சொன்னது நல்ல விஷயம். ஆனால், இது போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. சாக்ஸாகிளிப்டினின் அந்த 61 பேர் வித்தியாசம் 16,000 பேரைப் பார்த்ததால் தெரிந்தது. எம்பாகிளிப்ளோசினின் பலனும் அப்படித்தான். யாரும் கட்டாயப்படுத்தாமல் அந்த ஆய்வை ஒரு நிறுவனம் நடத்தியிருக்குமா? பலன் வந்தால் விற்பனை கூடும் என்று இப்போது தெரிந்துவிட்டதால், நடத்துவார்கள் என்கிறது எதிர்த்தரப்பு. பலன் வரும் என்று நம்பும் மருந்துக்கு நடத்துவார்கள், சரி. சந்தேகம் இருக்கும் மருந்துக்கு?

நம் வீட்டு டப்பா

சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயாபட்டீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன், ஐ.சி.எம்.ஆருடன் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது அது. நாம் சாப்பிடும் மாத்திரைகளில் பல, மேலே சொன்ன பரீட்சைகளை எழுதியவைதான். ஆனால், அதில் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் இதய நோய் உள்ள, அறுபதை ஒட்டிய வயதுக்காரர்கள். நம் ஊரில் நாற்பதிலேயே சர்க்கரை வருகிறது. அந்த வயதில், இதய நோய் இல்லாதவருக்கு அதே அளவு பலன் கிடைக்கும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

விலை விஷயத்தில் ஒரு நல்ல செய்தி உண்டு. எம்பாகிளிப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் இந்தியாவில் முடிந்தது. பல நிறுவனங்கள் தயாரிக்கத் தொடங்கி, விலை பெருமளவு இறங்கிவிட்டது. 'அது பணக்காரங்க மாத்திரை' என்று முன்பு ஒதுக்கியவர்கள் இப்போது டாக்டரிடம் மறுபடி கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால், நீங்களாக எதையும் மாற்றவோ நிறுத்தவோ கூடாது. அடுத்த முறை போகும்போது சர்க்கரை ரிப்போர்ட்டுடன் இதயம் பற்றியும் பேசுங்கள். அப்பாவுக்கு முன்பு மாரடைப்பு வந்திருக்கிறது, மூச்சு வாங்குகிறது, கிட்னி கொஞ்சம் பாதிப்பு என்று டாக்டரிடம் சொல்லாமல் விட்டால், அவர் எண்ணை மட்டும் பார்த்துத்தான் எழுத முடியும். அவாண்டியாவின் உறவுக்கார மருந்தான பையோகிளிட்டசோன் சாப்பிடுபவருக்குக் கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அடுத்த மாத செக்கப் வரை காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள். எம்பாகிளிப்ளோசின், டபாகிளிப்ளோசின் சாப்பிடுபவர்கள் ஆபரேஷனுக்கு முன்னும், நீண்ட விரதத்துக்கு முன்னும், வாந்தி பேதியில் சாப்பிட முடியாத நாட்களிலும் மாத்திரையைத் தொடரலாமா என்று கட்டாயம் கேட்க வேண்டும். இவற்றால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து அரிதாக உண்டு.

கடைசியாக ஒன்று. மாத்திரையால் ஏதோ பிரச்னை என்று சந்தேகம் வந்தால் டாக்டரிடம் சொல்வதோடு, நாமே அரசுக்கும் தெரிவிக்கலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் இலவச எண் 1800-180-3024. மாத்திரை அட்டையைத் தூக்கிப்போடாமல் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் அதில்தான் இருக்கும்.